வெர்னா தலை நனைத்த குளம்

என் மகள் கயல்விழி படியில் வழுக்கி விழுந்திருக்காவிட்டால் நான் ஆக்லாந்தைப் பார்த்திருக்கவே மாட்டேன். அந்த நகரின் பாபடோயிட்டோய் பகுதியில் அவள் குடியிருக்கும் வீட்டின் மரப்படி ஜூன் மாத மழையில் பாசி பிடித்துக் கிடந்திருக்கிறது. விமான நிலையச் சரக்குப் பிரிவில் வேலை முடித்து வந்தவள் அதில் கால் வைத்துக் கணுக்கால் எலும்பை முறித்துக்கொண்டாள். "சமைச்சுத் தர ஆள் இருந்தாப் போதும்மா" என்றாள் போனில். நான் மதுரை டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஊராரின் அழைப்புகளை இணைத்துக் கொடுத்தே ஓய்வுபெற்றவள். என்னையே ஒருத்தி அழைக்கும்போது போகாமல் இருக்க முடியுமா?

விமான நிலையத்தில் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். மணத்தக்காளி வற்றலைப் பார்த்த அதிகாரி, "இது முளைக்குமா?" என்று கேட்டார். "எண்ணெயில் பொரித்துவிட்டால் முளைக்காது" என்றேன். சிரித்துக்கொண்டே குப்பைத் தொட்டியில் போட்டார். கருவாட்டுப் பொட்டலத்தை மட்டும் முகர்ந்து பார்த்துவிட்டு அவசரமாகத் திருப்பிக் கொடுத்தார்.

கயல் இருப்பது கீழ் வீடு. மேலே வீட்டுக்காரர் சிவமலர். யாழ்ப்பாணத்துக்காரர், சண்டைக் காலத்தில் அகதியாக வந்து இங்கேயே காலூன்றியவர். நான் போய் இறங்கிய அன்றே புட்டும் சொதியும் கொண்டுவந்தார். நான் ரசம் வைத்துக் கொடுத்தேன். சொதியை நான் குழம்பு என்றேன், ரசத்தை அவர் மருந்து என்றார்.

"அக்கா, நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ. பிள்ளையை நான் காரில கொண்டுபோறன்" என்றார். கயலின் காலுக்குக் கட்டுப் பிரித்திருந்தார்கள். இனி வெதுவெதுப்பான தண்ணீருக்குள் நடந்து பழக வேண்டுமாம். பக்கத்து ஒடாஹுஹு பகுதியில் பொது நீச்சல் குளம் இருக்கிறது. சிவமலர் அங்கே வழக்கமாக நீந்துபவர். இந்த ஊருக்கு வந்து, பிள்ளைகளைப் பெற்ற பிறகு கற்றுக்கொண்டாராம்.

புதன்கிழமை போகும் வழியில், விளக்கு சிவப்பாக இருந்த நேரத்தில், "அக்கா, நீங்கள் மதுரையில எந்தப் பக்கம்? உங்கட ஆக்கள் ஆர்?" என்று சாதாரணமாகக் கேட்டார். "டவுனுக்குள்ளதான்" என்றேன். அவர் கேட்டது என்ன என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். விளக்கு பச்சையானது.

குளத்தில் பெரிய பெரிய சமோவா, டோங்கா தீவுப் பெண்கள் டீ சட்டையும் லுங்கி மாதிரி ஒரு துணியும் கட்டிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நின்று அரட்டை அடித்துக்கொண்டிருந்தார்கள். மீனாட்சியம்மன் கோயில் பொற்றாமரைக் குளத்துப் படிகள்தான் நினைவுக்கு வந்தன. நான் கயலின் துண்டைப் பிடித்துக்கொண்டு, தண்ணீரிலிருந்து நன்றாகத் தள்ளி ஒரு பெஞ்சில் உட்கார்ந்தேன்.

எனக்கு முன்னால், குளத்தின் விளிம்பில், கறுப்பினத்தவரான உயரமான ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். ஊதா நிற நீச்சல் உடை, தலைக்கு அதே நிறத் தொப்பி. எழுபதைத் தாண்டியிருக்கும். தண்ணீருக்குள் இறங்குவார், தோள் வரை போவார், கம்பியை இறுகப் பிடிப்பார், மேலே வந்துவிடுவார். மறுபடியும் இறங்குவார்.

"அவ அமெரிக்காக்காரி, வெர்னா" என்று சிவமலர் என் காதில் சொன்னார். "இப்ப ஒவ்வொரு கிழமையும் வாறா. தலையை மட்டும் நனைக்க மாட்டா. நானும் சொல்லிப் பார்த்திட்டன்."

வெர்னா என் பக்கம் திரும்பினார். "நீங்க ஏன் இறங்கல?"

"நீச்சல் தெரியாது."

"உங்க ஊர்ல தண்ணி இல்லையா?"

"இருந்தது. எங்களுக்கு இல்லை."

எனக்கே தெரியாமல் வாயில் வந்துவிட்டது. வெர்னா என்னை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தார். பிறகு பெஞ்சில் எனக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தண்ணீர் சொட்டும் கையை நீட்டினார். என் பெயர் முத்துலட்சுமி. அவர் வாயில் அது 'மூட்டூ' ஆனது.

சனிக்கிழமை சிவமலருக்கு வேலை. நானும் கயலும் ரயிலில் போகலாம் என்று ஸ்டேஷனுக்குப் போனால் ரயிலே இல்லை. தண்டவாளத்தில் பராமரிப்பாம், அதற்குப் பதிலாக பஸ் விட்டிருந்தார்கள். ஊன்றுகோலோடு கயலை ஏற்றினேன். பின்னாலேயே ஒரு பையோடு வெர்னா ஏறினார். பாபடோயிட்டோய் இந்தியக் கடையில் வெண்டைக்காய் வாங்க வந்தாராம்.

முன் சீட்டை அவருக்குக் காட்டினேன். அவர் தலையசைத்து மறுத்துவிட்டுக் கடைசி வரிசைக்குப் போனார். "எங்க ஊர்ல கறுப்பர்கள் பஸ்ஸுல முன்னாடி உட்காரக் கூடாது. அந்த உரிமைக்காக எங்க ஜனங்க அடி வாங்கினாங்க" என்றார். "அதனால இப்ப நான் எனக்குப் பிடிச்ச இடத்தில உட்காருவேன். இங்கதான் கால் நீட்ட இடம் இருக்கு." நாங்களும் அவர் பக்கத்திலேயே போய் உட்கார்ந்தோம்.

பஸ் ஓட்டியவர் தலைப்பாகை கட்டிய பஞ்சாபி இளைஞர், வேலைக்குப் புதிது. ஒரு திருப்பத்தைத் தவறவிட்டு நெடுஞ்சாலையில் ஏறிவிட்டார். எங்களூராக இருந்தால் அவருடைய பாட்டன் வரைக்கும் இழுத்திருப்பார்கள். இங்கே முன்னால் இருந்த, இந்த நாட்டுப் பூர்வகுடியான ஒரு மாவோரி அம்மா எழுந்துபோய், அவர் பக்கத்தில் நின்று, "அடுத்ததில இடது பக்கம், தம்பி. ஒண்ணும் பயப்படாதே" என்று வழி சொன்னார். மனுகாவ் பகுதியைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஒருவழியாக ஒடாஹுஹு வந்தோம். இறங்கும்போது ஒருவர் விடாமல் டிரைவருக்கு நன்றி சொன்னார்கள். வழி தவறியதற்கும் சேர்த்தா என்று தெரியவில்லை. நானும் சொன்னேன்.

அந்த நீண்ட சுற்றில்தான் வெர்னா விஷயத்தைச் சொன்னார். அவர் பிறந்தது அமெரிக்காவின் தெற்கே ஒரு சின்ன ஊர். கலிபோர்னியாவில் வேலை பார்த்தபோது கப்பலில் சமையல்காரராக இருந்த சமோவாக்காரரைக் கல்யாணம் செய்துகொண்டு இங்கே வந்துவிட்டார். கணவர் இப்போது இல்லை. பிறந்த ஊரில் புதிதாக ஒரு நீச்சல் குளம் கட்டியிருக்கிறார்கள். அதற்கு வெர்னாவின் அண்ணன் ஹெர்மனுடைய பெயர் வைக்கப்போகிறார்கள். குடும்பத்தில் மிச்சமிருப்பது வெர்னா மட்டும்தான்.

"ரிப்பன் வெட்ட வாங்கன்னு கூப்பிட்டாங்க. ரிப்பன் எல்லாம் வெட்ட மாட்டேன், நான் முங்கி எழுந்திரிச்சுத்தான் அந்தக் குளத்தைத் திறப்பேன்னு சொல்லிட்டேன்." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "இன்னும் மூணு வாரம்தான். முகத்தைக்கூட வைக்க முடியல."

அண்ணனுக்கு என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

அடுத்த புதனுக்குள் நானும் நீச்சல் உடை வாங்கிவிட்டேன். மனுகாவ் மாலில் கயல் காட்டியவற்றை எல்லாம் பார்த்து, "இதுக்கு நான் கரையிலேயே செத்துப்போறேன்" என்றேன். கடைசியில் கழுத்திலிருந்து கணுக்கால் வரை மூடும் ஒன்று அகப்பட்டது. அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடியில் பார்த்தபோது கேஸ் சிலிண்டருக்கு உறை போட்ட மாதிரி இருந்தது. இருந்தாலும் இறங்கினேன். சின்ன வயதுக்குப் பிறகு, அறுபதைத் தாண்டி இப்போதுதான் நான் நிற்கிற தண்ணீர் என் இடுப்பைத் தாண்டியது. கால் தரையில் நிற்க மறுத்தது. பயமும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

அன்றைக்கு ஒரு சம்பவம் நடந்தது. சிவமலர் வெர்னாவை மல்லாக்க மிதக்கவைத்துப் பழக்கப் பார்த்தார். "ரிலாக்ஸ்" என்று சொல்லிக்கொண்டே, நல்ல எண்ணத்தோடுதான், அவர் தலைக்கு அடியில் கையைக் கொண்டுபோனார். விரல்கள் பின்கழுத்தில் பட்ட அடுத்த கணம் வெர்னா அலறினார். அப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதில்லை. கைகளை வீசி அடித்ததில் சிவமலரின் கன்னம் கீறிவிட்டது. லைஃப்கார்டு பெண் ஓடிவந்தாள். வெர்னா கம்பியை விடாமல் பிடித்துக்கொண்டார். "மன்னிச்சிருங்க, மன்னிச்சிருங்க" என்று சிவமலரிடம் திரும்பத் திரும்பச் சொன்னார்.

அவரைத் தனியாக விட மனமில்லாமல் நாங்கள் மூன்று பேரும் அவர் வீட்டுக்கே போனோம். பக்கத்துத் தெருதான். உள்ளே போனதும் அவர் வெண்டைக்காயை நறுக்க ஆரம்பித்தார். தக்காளி, மிளகு, இறால் எல்லாம் போட்டுக் குழம்பு மாதிரி கொதிக்கவைத்தார். வெண்டைக்காய் அவருடைய முன்னோர்களோடு ஆப்பிரிக்காவிலிருந்து வந்ததாம். எங்கள் வீட்டில் வழுவழுப்பு போக வதக்கித்தான் செய்வோம். இவர் அந்த வழுவழுப்புக்காகவே செய்கிறார். சோற்றில் ஊற்றிச் சாப்பிட்டோம். நன்றாகவே இருந்தது. சாப்பிட்டு முடித்த பிறகு சொன்னார்.

அவருக்கு அப்போது ஒன்பது வயது. ஊர்க் குளம் எல்லோருடைய வரிப்பணத்திலும் கட்டியது, நீந்துவது மட்டும் வெள்ளையர்கள். வெர்னாவின் அம்மா அந்தக் குளத்துக்குத் துண்டு துவைத்துக் கொடுப்பவர். சனிக்கிழமைதோறும் அம்மாவும் மகளும் இஸ்திரி போட்ட துண்டுகளைத் தூக்கிக்கொண்டு பின்வாசல் வரை போவார்கள். ஹெர்மனுக்குப் பதினாறு. ஓடையில் நீந்திப் பழகியவன், நன்றாக நீந்துவான். ஒரு சனிக்கிழமை அவனும் சர்ச் நண்பர்களும் டிக்கெட் கேட்டார்கள். கொடுக்கவில்லை. வேலியேறிக் குதித்தார்கள்.

"வெள்ளைக்காரங்க எல்லாரும் வெளியேறிட்டாங்க. தண்ணி முழுக்க எங்க பசங்க அஞ்சு பேருதான். ஹெர்மன் மல்லாக்கப் படுத்து மிதந்தான். என்னைப் பார்த்துக் கை காட்டினான். நான் வேலிக்கு வெளிய துண்டோட நின்னுட்டிருந்தேன்."

போலீஸ் வந்தது. தடியால் அடித்துப் பையன்களை மேலே இழுத்தார்கள். ஹெர்மன் கடைசியாக இருந்தான். பூட்ஸோடு ஒரு போலீஸ்காரர் தண்ணீரில் இறங்கினார்.

"பின்கழுத்தைப் பிடிச்சு அழுத்தினாரு. விடவே இல்ல. அவன் கை மட்டும் மேல வந்து வந்து போச்சு. பிறகு அதுவும் வரல."

கயல் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா ஓடி வந்து, என் கையில இருந்த துண்டை வாங்கி அவன் மேல போர்த்தினா. குளத்து மேனேஜர், 'அது கஸ்டமர் துண்டு' ன்னு உருவிட்டாரு. அம்மா துவைச்ச துண்டு."

விசாரணை என்று ஒன்று நடந்தது. நீச்சல் தெரியாத பையன் அத்துமீறி இறங்கி மூழ்கிவிட்டான் என்று முடித்துவிட்டார்கள். வேலிக்கு வெளியே நின்ற சிறுமியை யாரும் கூப்பிட்டுக் கேட்கவில்லை. அன்று மாலையே குளத்துத் தண்ணீர் முழுவதையும் வெளியேற்றிவிட்டு, பிளீச்சிங் போட்டுத் தேய்த்தார்கள்.

"அம்மா அதுக்கு முன்னாடி குரல் உசத்திப் பேசினதே கிடையாது. அடுத்த வாரம் சர்ச்சுல எழுந்து நின்னு, 'இனி இந்த ஊர் அழுக்கை நான் துவைக்க மாட்டேன்' ன்னா. மத்த பொண்ணுங்களும் எழுந்தாங்க. எங்க ஊர்ல போராட்டம் அங்கதான் ஆரம்பிச்சது. அம்மா ஊர்வலம் போனா, ஓட்டுரிமை கேட்டு வரிசையில நின்னா, ஜெயிலுக்குப் போனா. வீட்டு மேல கல் விழும், நாங்க கட்டிலுக்கு அடியில படுப்போம். கடைசியில எல்லாருக்கும் குளத்தைத் திறக்கணும்னு சட்டம் வந்துச்சு. ஊர்க்காரங்க என்ன செஞ்சாங்க தெரியுமா? லாரி லாரியா மண்ணைக் கொட்டிக் குளத்தை மூடிட்டாங்க. எங்களோட சேர்ந்து நீந்துறதுக்குப் பதிலா தங்களுக்கும் குளம் வேண்டாம்னுட்டாங்க."

பிறகு நான் பேசுவதை நானே கேட்டேன்.

"எங்க ஊர்லயும் தண்ணியத் திறந்து விட்டாங்க" என்றேன்.

எனக்கு எட்டு வயது இருக்கும். நல்ல கோடை. நானும் அக்காவும் ஊர்த் தோட்டத்துப் பம்புசெட் தொட்டியில் இறங்கிவிட்டோம். எங்கள் தெருக்காரர்கள் அதைத் தொடக் கூடாது. கழுத்தளவு தண்ணீரில் ஒரு ஆட்டம் போட்டிருப்போம், அவ்வளவுதான். முடியைப் பிடித்து வெளியே இழுத்தார்கள். தொட்டித் தண்ணீரை மொத்தமாகத் திறந்துவிட்டார்கள். அப்பாவை வரச்சொல்லி, ஊர் பார்க்க, சாணி கரைத்துத் தொட்டியைக் கழுவ வைத்தார்கள். நாங்கள் தொட்டதால் தீட்டான தொட்டியை எங்கள் அப்பா கையால்தான் கழுவ வேண்டும். கழுவி முடித்தவரிடம், இனி இந்தப் பக்கம் வரக்கூடாது என்றார்கள். அந்த வாரமே அப்பா எங்களை மதுரைக்குக் கூட்டி வந்துவிட்டார்.

"திறந்துவிட்ட தண்ணி எங்க போச்சு?" என்று வெர்னா கேட்டார்.

"வாழைத் தோட்டத்துக்கு."

"வாழைக்குத் தீட்டு கிடையாதா?"

இருவரும் சிரித்துவிட்டோம். சிரிக்கிற விஷயமில்லை. கயல் சிரிக்கவில்லை. "ஏம்மா எங்கிட்ட சொல்லவே இல்ல?" என்றாள். "உனக்கு எதுக்கு அதுன்னு நினைச்சேன்" என்றேன். சின்னவளாக இருந்தபோது அவளை நீச்சல் வகுப்பில் சேர்த்துவிட்டு, வாசலிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்த நாட்களின் காரணம் அன்றுதான் அவளுக்குப் புரிந்திருக்கும்.

திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது.

"அக்கா, எங்கட வீட்டிலயும் கிணறு இருந்தது" என்றார் சிவமலர், காரை ஓட்டிக்கொண்டே. "சில ஆக்கள் அதில அள்ளக் கூடாது. குடத்தோட வேலிக்கு அங்கால நிப்பினம். அம்மா அள்ளி ஊத்துவா. நான் அதை உதவி எண்டுதான் நினைச்சுக்கொண்டு வளர்ந்தனான்."

"உங்க அம்மா வர நேரமானா?"

"நிண்டுகொண்டேதான் இருப்பினம்." கொஞ்ச தூரம் போன பிறகு, "அண்டைக்குக் காருக்குள்ள உங்களை அப்பிடிக் கேட்டிருக்கக் கூடாது" என்றார்.

"ஆமா. கேட்டிருக்கக் கூடாது" என்றேன். பரவாயில்லை என்று எனக்குச் சொல்லத் தோன்றவில்லை. அவரும் அதை எதிர்பார்க்கவில்லை. ஆனால் மறுநாள் காலையில் அவர் மேலேயிருந்து, "அக்கா, ரசம் மிச்சம் கிடக்கோ?" என்று கேட்டபோது மனசு கொஞ்சம் லேசானது.

வெர்னா இனி குளத்துக்கு வரமாட்டார் என்று நினைத்தோம். வந்தார். சிவமலர் அவரிடம் போய், "இனி நான் உங்களைத் தொட மாட்டேன். கை எட்டாத தூரத்திலதான் நிப்பேன்" என்று ஆங்கிலத்தில் தெளிவாகச் சொன்னார். எனக்கு அப்போது ஒன்று தோன்றியது. வெர்னாவுக்கு முன்னால் போய் நின்று இரண்டு கைகளையும் நீட்டினேன்.

"நீங்க என்னைப் பிடிங்க. நான் உங்களைப் பிடிக்க மாட்டேன். எப்ப வேணும்னாலும் விட்டுடலாம்."

"உனக்கும்தானே பயம், மூட்டூ?"

"உங்களைவிட அதிகமாவே."

அவர் என் மணிக்கட்டுகளைப் பிடித்தார். முகத்துக்கு முகம் பார்த்துக்கொண்டே முழங்காலை மடக்கினோம். தாடை வரை தண்ணீர் வந்தது. எழுந்துவிட்டோம். மறுபடியும் மடக்கினோம். உதடு வரை வந்ததும் அவர் விட்டுவிட்டார். அந்த வாரம் முழுக்க அப்படியே போனது. சமோவாப் பெண்கள் அரட்டையை நிறுத்திவிட்டு எங்களைச் சுற்றி வளையமாக நிற்க ஆரம்பித்தார்கள், மற்றவர்களின் அலை எங்கள் மேல் மோதாமல் இருக்க. யாரும் அவர்களைக் கேட்டுக்கொள்ளவில்லை.

அவர் பயணம் போவதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை, மூக்கு நனையும் இடத்தில் வெர்னா நிற்கவில்லை. கண்ணை மூடினார், போய்விட்டார். என் மணிக்கட்டு அவர் கையில் இருந்ததால் நானும் போனேன். தண்ணீருக்குள் ஒரு சத்தமும் இல்லை. கண்ணைத் திறந்தேன். அவரும் திறந்திருந்தார். ஊதா தொப்பி, உப்பிய கன்னம், அகலத் திறந்த கண்கள். மேலே வந்ததும் நான் தண்ணீர் குடித்துப் புரையேறி இருமினேன். அவர் அழுதார். அந்தப் பெண்கள் கை தட்டவில்லை. மெதுவாக ஒரு பாட்டை எடுத்தார்கள், சர்ச் பாட்டு மாதிரி. கரையில் லைஃப்கார்டு பெண் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

பிறந்த ஊரின் புதுக் குளத்து வாசலில் வைக்கும் நினைவுக் கல்லைப் பற்றி வெர்னாவுக்கும் அந்த ஊராருக்கும் போனில் சண்டை நடந்துகொண்டிருந்தது. 'இந்த ஊரில் உயிரிழந்த ஹெர்மன்' என்று எழுதியிருந்தார்கள். "அவனா உயிரை இழக்கல, எடுத்தாங்க" என்றார் வெர்னா. புறப்படும் நாளில் அவர்கள் 'கொல்லப்பட்ட' என்று மாற்றச் சம்மதித்தார்கள். யாரால் என்பதை மட்டும் போட முடியாது என்றார்களாம். "பாதிதான் கல்லுல வருது" என்று விமான நிலையத்தில் என்னைக் கட்டிக்கொண்டு சொன்னார். "மீதிக்கு எனக்கு வாய் இருக்கு."

அடுத்த வாரம் வீடியோ வந்தது. நானும் கயலும் சிவமலரும் சமையலறையில் நின்றபடியே பார்த்தோம். அங்கே கொளுத்தும் வெயில். கோட்டுப் போட்ட ஊர்த் தலைவர் நீளமாகப் பேசுகிறார். குளத்தைச் சுற்றி கறுப்பும் வெள்ளையுமாகப் பிள்ளைகள், நீச்சல் உடையில், வரிசையாக நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறார்கள். வெர்னா மைக்கைக் கேட்டு வாங்கினார். தன் அண்ணனுக்கு நீச்சல் தெரியும் என்றார். இந்த ஊர்ப் போலீஸ் அவனைத் தண்ணீருக்குள் அழுத்திக் கொன்றது, ஒன்பது வயதில் நான் பார்த்தேன், இன்றுவரை என்னை யாரும் கேட்கவில்லை, அதனால் கேட்காமலே சொல்கிறேன் என்றார். ஊர்த் தலைவர் தரையைப் பார்த்தார். கூட்டத்தில் ஒரு வெள்ளைக்கார முதியவர் தொப்பியைக் கழற்றினார். வேறு சிலர் எழுந்து போனார்கள்.

வெர்னா மைக்கைத் தலைவர் கையில் கொடுத்துவிட்டு, மேலங்கியைக் கழற்றிப் போட்டு, படியில் இறங்கினார். யாரும் பிடிக்கவில்லை. இடுப்பு, தோள், தாடை. ஊதா தொப்பி உள்ளே போனது. நாங்கள் மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். "வாங்கோ, வாங்கோ, மேல வாங்கோ" என்று சிவமலர் போனைப் பார்த்துக் கெஞ்சினார்.

வந்தார். முகத்தை வழித்துவிட்டுக்கொண்டு, கரையில் விறைத்துப்போய் நின்ற பிள்ளைகளை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"என்ன நிக்கிறீங்க?" என்றார். "வாங்க!"

ஒரு சிறுமி குதித்தாள். பிறகு எல்லோரும் குதித்தார்கள். தண்ணீர் எழும்பித் தலைவரின் கோட்டில் விழுந்தது, வீடியோ எடுத்தவர் மேலும் விழுந்திருக்க வேண்டும். படம் கலங்கிவிட்டது. கூச்சல் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது.